சில பயனர்களுக்குச் சிறு தடங்கல்

உண்மை பேசுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் பேர்தான், ஆனாலும் இருக்கிறார்கள். பொய் பேசுகிறவர்களை நிறையவே பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு கணக்கிலும் வராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. இந்த ரகத்து மனிதர் பொய்யே சொல்ல மாட்டார், தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். ஆனால் இவரிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, கேட்பதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருந்ததில் பாதியைக் காணாமல் போக்கியிருப்பார். வீடு பற்றி எரிந்தால், "வீட்டின் சில பகுதிகளில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பம் உணரப்படலாம்" என்பார். எரியவில்லை என்று சொன்னாரா? இல்லையே! பிறகு எப்படி அவரைக் குறை சொல்வீர்கள்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய காலத்து வித்தை. அதில் சோறாவது மிஞ்சும். இவர் பூசணிக்காயை உங்கள் கண்ணெதிரிலேயே வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசியில் அது பூசணிக்காய்தானா என்று உங்களையே சந்தேகப்பட வைத்துவிடுவார். பல் பிடுங்குமுன் "லேசா ஒரு அழுத்தம் தெரியும்" என்கிற பல் மருத்துவர், இரண்டு வருடமாக ஓடாத லிஃப்டின் மேல் "தற்காலிகமாக" என்று எழுதி ஒட்டுகிற குடியிருப்புச் செயலாளர், பாதி வழியில் பஸ் நின்றதும் கீழே இறங்கி எஞ்சினையே வெறித்துப் பார்த்துக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாத நடத்துனர், எல்லோரும் இந்தக் குடும்பத்துக்கு ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தங்கள்தாம். ஆனால் இந்த ரகத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் 'விரைவில் சாரை'த்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இணையத்தில் கணினி விளையாட்டுகளை விற்கிற கடை அது. கடை என்றால் ஷட்டரும் கல்லாவும் கிடையாது. ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாற்பது நாற்காலிகள், குளிர்ந்த தண்ணீர் மட்டும் வராத ஒரு குளிர்ந்த தண்ணீர் இயந்திரம், அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கான வீடுகளில் உட்கார்ந்து விளையாட்டை வாங்குகிறார்கள், அங்கேயே விளையாடுகிறார்கள். எதுவரை ஆடினார்கள், என்ன கட்டினார்கள், யாரை வென்றார்கள் என்பதையெல்லாம் கடையே அவரவர் கணக்கில் பத்திரமாகச் சேமித்து வைக்கிறது. சில நாள் கடையின் சர்வர் படுத்துக்கொள்ளும். அது படுத்துக்கொண்ட செய்தியை வாடிக்கையாளர்களுக்கு எழுதி அறிவிப்பதுதான் விரைவில் சாரின் உத்தியோகம்.

அதற்காக அவர் வைத்திருந்த கருவிகள் கொஞ்சம்தான். 'சில', 'சிறிதளவு', 'தற்காலிகமாக', 'கூடும்', எல்லாவற்றுக்கும் சிகரமாக 'விரைவில்'. லட்சம் பேருக்குக் கடை திறக்கவில்லை என்றாலும் "சில பயனர்களுக்கு" என்றுதான் எழுதுவார். லட்சம் என்பதும் சில லட்சங்களில் ஒன்றுதானே? "நாங்கள் தவறு செய்துவிட்டோம்" என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை. "பிழை நேர்ந்துள்ளது" என்றே எழுதுவார், அந்தப் பிழை தானாகவே பஸ் ஏறி வந்து, மூன்று மாடி ஏறி, யாரும் பார்க்காதபோது நேர்ந்துவிட்ட மாதிரி. இப்படிப் பதினான்கு அறிவிப்புகளைத் தயாராக எழுதி, கம்பெனி வக்கீலிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, எண் போட்டு வைத்திருந்தார். சர்வர் படுத்ததும் எண்ணைத் தேர்ந்தெடுத்து, நடுவில் இரண்டு வரி நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. அதில் ஒன்பதாம் எண் அவருக்குச் செல்லப் பிள்ளை. ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதியது. "ஏதேனும் சிரமம் இருப்பின், ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறி, மீண்டும் உள்நுழைந்து பார்க்கவும். தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று அது முடியும். அந்த வாலின் அழகில் அவருக்கு ஒரு பெருமை.

வீட்டில் மட்டும் ஆள் வேறு மாதிரியா என்று கேட்கிறீர்களா? கண்ணாடிக் குவளை கையிலிருந்து நழுவினால், "குவளை ஒண்ணு உடைஞ்சிருக்கு போலிருக்கே" என்று, தாம் அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தவர்போலச் சொல்வார். பெண் கேட்கப் போனபோதுகூட வருங்கால மாமனாரிடம், "உங்க பொண்ணு விஷயத்துல சில முன்னேற்றங்கள் ஏற்பட்டிருக்கலாம்" என்று ஆரம்பித்தாராம். அவர் பயந்துபோய் மகள் படிக்கிற கல்லூரிக்கு ஓடிவிட்டார். அப்படியும் அந்தப் பெண் இவரைக் கட்டிக்கொண்டாள். அதற்கு இவருடைய பேச்சு காரணமாக இருக்க முடியாது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

காலை பத்து மணிக்கு சர்வர் பொறியாளர் விரைவில் சாரின் மேஜைக்கு வந்தார். மனிதர் காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். கை இன்னும் காயவில்லை.

"சார், பராமரிப்பு வேலைல ஒரு கோளாறு. ஸ்க்ரீன்ல எல்லாம் சாம்பல் கலரா தெரியுது, ஆனா யாரோட சேமிப்பும் அழியல. எல்லாம் அப்படியே இருக்கு. ஒரே ஒரு ஆபத்துதான். இப்ப யாராவது லாக் அவுட் பண்ணிட்டுத் திரும்ப உள்ள வந்தா, காலிக் கணக்கு வந்து பழசு மேல உக்காந்துடும். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மீட்க முடியாது. ரெண்டு மணிக்குள்ள சரி பண்ணிடுவேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாம இருந்தாப் போதும். அத மட்டும் சொல்லிடுங்க."

எவ்வளவு எளிது! என்ன ஆயிற்று, என்ன செய்யக் கூடாது, எப்போது சரியாகும். மூன்று வரி. தெருமுனையில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் பால்காரர் இந்த மூன்றையும் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போவார். ஆனால் பால்காரருக்கு வக்கீல் இல்லை.

விரைவில் சார் ஒன்பதாம் எண்ணை எடுத்து, நடுவில் பொறியாளர் சொன்னதை எழுதி, வழக்கப்படி நான்கு கைகளுக்கு அனுப்பினார். அவருடைய மேலாளர் 'கோளாறு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மாற்றம்' என்று போட்டார். வக்கீல், "லாக் அவுட் பண்ணாதீங்கன்னு எழுதினா, ஏற்கனவே பண்ணினவன் நம்ம மேல கேஸ் போடுவான். அந்த வரியே வேண்டாம்" என்று அதை வெட்டினார். விற்பனைத் தலைவர், "ரெண்டு மணின்னு சொல்லிட்டு ரெண்டு அஞ்சு ஆச்சுன்னா?" என்று மணியைத் தூக்கினார். நான்காவது கை விளம்பரப் பிரிவு. அவர்கள், எதுவும் சோகமாக இருக்கக் கூடாது என்று, "உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் முயற்சியில்" என்று ஒரு தலையை ஒட்டினார்கள். ஒவ்வொரு கைக்கும் கால் மணி, இருபது நிமிடம் ஆனது. விரைவில் சார் ஒவ்வொரு திருத்தத்தையும் "நல்ல யோசனை" என்று ஏற்றுக்கொண்டார். அவருக்கு உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொறியாளர் எந்த ஒரு வரிக்காகச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தாரோ, அந்த ஒரு வரிதான் இப்போது அறிவிப்பில் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் நான்கு பேர் பார்த்த பிறகு, அந்த உறுத்தலையும் நாலாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

இதற்கு நடுவில் தொலைபேசிப் பிரிவிலிருந்து ஒருத்தி வந்து நின்றாள். பன்னிரண்டு பேர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேசுகிற அந்தப் பிரிவுக்குத் தலைவி அவள். அலுவலகம் முழுக்க 'வெட்டு ஒண்ணு அக்கா' என்றுதான் பேர்.

"சார், ஃபோன் பிச்சுக்கிட்டுப் போகுது. இன்ஜினியர் சொன்ன ஒரே வரிய மட்டும் சொல்லட்டுமா? எதையும் தொடாதீங்க, ரெண்டு மணிக்குச் சரியாயிடும்னு?"

"இருங்க இருங்க. ஒப்புதல் நிலையில இருக்கு. சொல்லலாம், ஆனா சொல்றது உசிதமா இருக்குமான்னு..."

"சொல்லலாமா, கூடாதா?"

"விரைவில் ஒரு முடிவு..."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். போய், பன்னிரண்டு பேரிடமும் அந்த ஒரே வரியைச் சொல்லச் சொன்னாள். யாரையும் கேட்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு அறிவிப்பு வெளியானது. அதை நீங்களே பாருங்கள்: "உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் முயற்சியில், சில பயனர்கள் திரையில் சிறிதளவு மாற்றத்தை உணரக்கூடும். இது விரைவில் சரிசெய்யப்படும். ஏதேனும் சிரமம் இருப்பின், ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறி, மீண்டும் உள்நுழைந்து பார்க்கவும். தங்கள் பொறுமைக்கு நன்றி."

ஆமாம். வால் அப்படியே இருந்தது. நான்கு கைகளும் நடுவிலிருந்த இரண்டு வரிகளைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தன. முன்பே ஒப்புதல் வாங்கிய வாலை எவர் படிப்பார்? எழுதியவரே படிக்கவில்லை. எதைச் செய்யாதே என்று சொல்ல உட்கார்ந்தார்களோ, இரண்டு மணி நேரம் பாடுபட்டு, அதையே செய் என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

அறிவிப்பு வெளியான ஐந்தாவது நிமிடம் விரைவில் சாரின் மனைவி அழைத்தாள்.

அவள் ஏன் அழைத்தாள் என்று தெரிய, ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். அவளுக்கு ஒரு தங்கை. ஒருநாள் பயண தூரத்தில் வேறு ஊரில் இருக்கிறாள். இருவரும் ஏதோ ஒரு வார்த்தைக்காகக் கோபித்துக்கொண்டு ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தவர்கள். பிறகு ஒருநாள் தங்கை, ஒரு வார்த்தையும் எழுதாமல், ஒரு விளையாட்டுக்கு மட்டும் அழைப்பு அனுப்பினாள். வெறும் நிலத்தில் ஊர் கட்டுகிற விளையாட்டு. அக்கா போய் ஒரு கிணறு வெட்டினாள். தங்கை பக்கத்தில் ஒரு மரம் நட்டாள். மூன்றாவது வாரம், "மரத்த ஏன்டி வழில நட்டே?" என்று அக்கா கேட்டாள். பேச்சு திரும்பிவிட்டது. அதிலிருந்து நான்கு வருடமாகச் சனிக்கிழமை மாலை ஆறு மணி என்றால் இருவரும் அந்த ஊரில்தான். துறைமுகம் வந்தது, கோணல் கூரையோடு ஒரு பள்ளிக்கூடம் வந்தது, இரண்டு பேரும் சண்டை போட்டே கட்டி முடித்த ஒரு மணிக்கூண்டு வந்தது. அந்த ஊர் இருந்தது அக்காவின் கணக்கில்.

"என்னங்க, நம்ம ஊரு சாம்பலா தெரியுது. மரமெல்லாம் செத்துப்போன மாதிரி இருக்கு. எதாவது ஆயிடுச்சா?"

விற்பனைத் தலைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வெளியாருக்கு அறிவிப்புக்கு மேல் ஒரு வார்த்தையும் கிடையாது என்பது கம்பெனி விதி. கட்டிய மனைவி வெளியாரா? அந்த நேரத்தில் விரைவில் சாருக்கு அப்படித்தான் தோன்றியது.

"ஒண்ணும் இல்லம்மா, சிறு தடங்கல். அறிவிப்பு போட்டிருக்கோம், அதப் பாரு" என்றார்.

பன்னிரண்டே காலுக்கு சர்வர் பொறியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார்! என்ன சார் போட்டிருக்கீங்க? எல்லாரும் வரிசையா லாக் அவுட் ஆகறாங்க சார்!"

விரைவில் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறிவிப்பை எடுக்கவும் நான்கு கைகள் சம்மதிக்க வேண்டும். மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் வெட்டு ஒண்ணு அக்கா வந்து, அவருடைய கணினி மவுஸை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு சொடுக்கில் அறிவிப்பை எடுத்துப்போட்டாள். அதற்குள் மணி ஒன்று. தொலைபேசியில் அழைத்துக் கேட்டவர்கள் எல்லாம் தப்பித்திருந்தார்கள். அறிவிப்பைப் படித்து நம்பியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் மனைவியிடம் "அதப் பாரு" என்று சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஓரமாகப் போய் வீட்டுக்கு அழைத்தார்.

"ஆமாங்க, நீங்க போட்டிருந்தபடியே வெளிய வந்து உள்ள போனேன். இப்ப வெறும் நிலமா காட்டுது. திரும்ப வந்துடும்ல?"

இதோ பாருங்கள், இங்கேதான் இந்த ரகத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பிரம்மாவே வந்தாலும் மீட்க முடியாது என்று காதால் கேட்டவர் அவர். பக்கத்தில் விற்பனைத் தலைவரும் இல்லை, வக்கீலும் இல்லை. சுவர்தான் இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு ஒரு தடையும் இல்லை. அப்படியும் அவர் சொன்னார்: "வேலை நடந்துக்கிட்டிருக்கு. விரைவில்..."

"சரி, நான் காத்திருக்கேன். நீங்க சாப்டீங்களா?" என்றாள் அவள்.

அவர் சாப்பிடவில்லை. மாலைவரை அந்தச் செய்தியைத்தான் எழுதிக்கொண்டிருந்தார், மனைவிக்கு. பஸ்ஸிலும் மனத்துக்குள் எழுதினார். "சில கட்டடங்கள்" என்று தொடங்கி அடித்தார். "மீட்பது சற்றுச் சிரமமாக இருக்கக்கூடும்" என்று எழுதி அடித்தார். தம்மைத் தாமே மேலாளராகவும் வக்கீலாகவும் வைத்துக்கொண்டு திருத்தித் திருத்தி, வீட்டு வாசலுக்கு வந்தபோது பதினொன்றாவது வரைவு கையில் இருந்தது. அதிலும் ஊர் போன செய்தி இல்லை.

ஆறு மணி. உள்ளே மனைவி கைபேசியைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் தங்கை, தலையைச் சீவி, காபிக் குவளையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு காலில் ஷூவைக் கழற்றியிருந்தார்.

"வந்துட்டார் பாரு. என்னங்க, எப்ப வரும்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா இவ நம்ப மாட்டேங்கறா."

"அதாவது, பராமரிப்புப் பணியின் ஒரு பகுதியா, சில கணக்குகள்ல சேமிக்கப்பட்ட தரவு தற்காலிகமா..."

"அத்தான்," என்றாள் தங்கை. "தமிழ்ல சொல்லுங்க. ஊரு இருக்கா, போச்சா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. இன்னும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

"போச்சு," என்றார். "முழுசா போச்சு. திரும்ப வராது. நான் போட்ட அறிவிப்புலதான் தப்பு. எனக்கு மத்தியானமே தெரியும். சொல்லல."

அவருடைய வாழ்க்கையிலேயே 'சில' இல்லாமல் அவர் பேசிய முதல் ஆறு வாக்கியங்கள் அவை.

தங்கைதான் முதலில் பேசினாள். ஆனால் அவரிடம் இல்லை. "அக்கா, அப்ப நெசமாவே உனக்குத் தெரியாதா? நாலு மணியிலேர்ந்து 'இரு, இப்ப வந்துடும், இப்ப வந்துடும்'னு மெசேஜ் போட்டுக்கிட்டே இருந்தியா, நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எம்மேல மறுபடியும் ஏதோ கோவம், ஊரை நீயே அழிச்சிட்டு சாக்கு சொல்றேன்னு நெனச்சேன். இன்னைக்கு ஆறு மணிக்கு வரவே வேணாம்னு இருந்தேன்."

"அடிப் பைத்தியக்காரி!" என்றாள் அக்கா. "இன்னொரு தடவ ஒன்றரை வருஷம் உங்கூடப் பேசாம இருக்க என்னால முடியாதுடி."

விரைவில் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் போனதற்கு அவர் பதினொரு வரைவு எழுதியிருந்தார். இப்படி ஒன்று போகப் பார்த்தது என்பது அவருடைய கணக்கிலேயே வரவில்லை. நான்கு வருடம் கட்டியதை அறிவிப்பின் வால் அழித்தது. அதைவிடப் பெரியதை, இதமாக இருக்கட்டுமே என்று அவர் சொன்ன 'விரைவில்' என்ற ஒரு சொல் அழிக்கப் பார்த்தது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஊரு போனதுக்குக்கூட உங்கள மன்னிச்சுடுவேன். நீங்க எழுதினதுன்னு நம்பித்தான் செஞ்சேன், தப்பு யாருக்கும் வரும். ஆனா தெரிஞ்சுக்கிட்டே அஞ்சு மணி நேரம் என்னைக் காக்க வெச்சீங்களே, அது என்னங்க?"

அவர் பதினான்கு எண்களையும் மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். ஒரு ஷூவோடு அப்படியே நின்றார். அக்காவும் தங்கையும் அவரை மறந்துவிட்டு வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றை இந்தத் தடவை எங்கே வெட்டுவது என்று அதற்குள் சண்டை தொடங்கியிருந்தது. அன்று அவரோடு யாரும் சண்டை போடவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

திங்கட்கிழமை காலை அவர் செய்த முதல் வேலை, அடுத்த தடங்கலுக்கென்று மூன்று வரியில் ஒரு புது அறிவிப்பை எழுதியது. என்ன ஆயிற்று, என்ன செய்யக் கூடாது, எத்தனை மணிக்குச் சரியாகும். மேலாளரிடம் கொண்டுபோனார். மேலாளர் அதைப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்து, "இதென்ன சார், எல்லாமே புரியுது?" என்று கேட்டாராம். அது இன்னும் இரண்டாவது கையிலேயே இருப்பதாகக் கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நமக்கென்ன கணினி விளையாட்டுக் கடையா இருக்கிறது! நீங்கள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர் என்று ஊருக்கே தெரியும். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே "பக்கத்துல வந்துட்டேன்" என்று போனில் சொன்னது நீங்களாக இருக்க முடியாது. முடியாது என்று முடிவு செய்துவிட்ட ஒரு விஷயத்தை "பார்க்கலாம்" என்று சொல்லி ஒரு நல்ல மனிதரை மூன்று வாரமாக நடக்க விட்டிருப்பதும் வேறு யாரோதான். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்: உங்கள் வாயிலிருந்து ஒரு 'இல்லை'க்காக இந்த நிமிடம் யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா? ஒரு முகம் நினைவுக்கு வந்ததா? போன் பக்கத்தில்தானே இருக்கிறது, இப்போதே சொல்லிவிடலாமே.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறீர்களா? அதானே பார்த்தேன்.